ஆர்பிஎன் வழியாக ஆர்என்: இரண்டு வருடம் என்று தொடங்கும் கணக்கு

ஒன்ராறியோவில் நேர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் அம்மாமாரும், என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்) படிக்கிறதா, இல்லை கொலிஜில் இரண்டு வருடம் ஆர்பிஎன் (ரெஜிஸ்டர்ட் ப்ராக்டிகல் நேர்ஸ்) முடித்துவிட்டுப் பிறகு மாறுறதா? கேட்பவர்களில் பாதிப்பேர் இரண்டாவது வழி குறுக்குவழி என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டு, என் வாயால் "ஓம்" என்று ஒரு சொல் கேட்கத்தான் வருகிறார்கள். நான் அந்த இரண்டாவது வழியால் வந்தவள். கூட்டிப் பார்த்தால் அது நேர்வழியைவிட நீளம். அப்படியிருந்தும் எத்தனையோ பேருக்கு அதுதான் பொருத்தம். போனில் அரை மணித்தியாலம் சொல்வதை ஒருமுறை எழுதிவைத்தால் அடுத்தமுறை கேட்பவருக்கு அப்படியே அனுப்பிவிடலாம் என்ற சோம்பல்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

முதலில் யார் யார் என்று பார்ப்போம், ஏனென்றால் இதிலேயே நிறையக் குழப்பம். இந்த மாகாணத்தில் ஆர்என், ஆர்பிஎன் இருவருமே சட்டப்படி நேர்ஸ்தான். இருவருக்கும் லைசென்ஸ் கொடுப்பது சிஎன்ஓ (கொலிஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ) என்ற ஒரே அமைப்பு. அதன் பெயரில் கொலிஜ் என்று வந்தாலும் அங்கே யாரும் யாருக்கும் படிப்பிப்பதில்லை, பதிவும் ஒழுங்கும் மட்டும்தான் அதன் வேலை. ஆர்பிஎன் ஆவதற்கு இரண்டு வருட டிப்ளோமா. ஆர்என் ஆவதற்கு 2005 ஜனவரி முதல் பட்டப்படிப்பு கட்டாயம், அதாவது நான்கு வருடம். அதற்கு முன்பு டிப்ளோமாவோடு ஆர்என் ஆன மூத்த அக்காமார் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். "நான் டிப்ளோமாதான் படிச்சனான், நீ ஏன் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகம் எண்டு அலையிறாய்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் கோபிக்காதீர்கள், அவர் காலத்துக்கு அது சரி. அதேபோல அமெரிக்காவில் இருக்கும் மச்சாள் சொல்லும் கணக்கும் இங்கே சரிவராது. அங்கே இரண்டு வருட அசோசியேட் பட்டத்தோடே ஆர்என் சோதனை எழுதலாம், அதனால் ப்ராக்டிகல் நேர்சிங் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே வேறு மாதிரி. இன்னொன்று, பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா பக்கம் ஆர்பிஎன் என்றால் மனநலத் தாதி. நம்முடைய ஆர்பிஎன்னுக்கு அங்கே எல்பிஎன் என்று பெயர். வேறு மாகாணத்துக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் வேலை விளம்பரம் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

பிஎஸ்டபிள்யூ, அதாவது நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது போன்ற பராமரிப்பைச் செய்யும் உதவியாளர் வேலை, இந்த இரண்டிலும் சேராது. அது நல்ல வேலை, கடுமையான வேலை, ஆனால் நேர்ஸ் லைசென்ஸ் இல்லை. விளம்பரத்தில் நேர்சிங் என்ற சொல்லைப் பார்த்ததும் காசைக் கட்டிவிட்டு, முடியும் நேரத்தில் அது பதிவுக்கு உதவாத படிப்பு என்று அறிந்தவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், அரசாங்கக் கொலிஜோ தனியாரோ, சிஎன்ஓ அங்கீகரித்த பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஏஜென்ட் சொன்னார், தெரிந்த அண்ணா சொன்னார் என்பதெல்லாம் போதாது. ஊரில் ஏற்கெனவே நேர்சிங் படித்து வேலை செய்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பதிவையே விட்டுவிட்டு முதலில் சிஎன்ஓவில் தங்கள் படிப்பை மதிப்பிடக் கொடுங்கள். நீங்கள் திரும்பவும் முதலாம் செமஸ்டரில் போய் உட்காரத் தேவையில்லாமல் இருக்கலாம்.

சரி, காலக் கணக்கு. நேர்வழி நான்கு வருடம். மற்ற வழியில் டிப்ளோமா இரண்டு வருடம், பிறகு பிரிட்ஜிங், அதாவது ஆர்பிஎன்னை ஆர்என் பட்டத்துக்குக் கொண்டுபோகும் பாலப் படிப்பு. முழுநேரமாகச் செய்தால் பல இடங்களில் சுமார் மூன்று வருடம் பிடிக்கும், வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகச் செய்தால் ஐந்து வருடம்வரை போகும். ஆக ஐந்திலிருந்து ஏழு. இதற்கிடையில் விண்ணப்பித்து இடம் கிடைக்கக் காத்திருப்பது, ஒரு பிள்ளை பிறப்பது, அப்பாவுக்கு பைபாஸ் நடப்பது என்று வாழ்க்கை தன்பாட்டில் செருகும் இடைவெளிகளை நான் சேர்க்கவில்லை. ப்ராக்டிகல் நேர்சிங்கில் படித்த பாடங்கள் பிரிட்ஜிங்கில் அப்படியே கழிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். உடற்கூற்றியல் ஏற்கெனவே படித்தோமே என்றால், அது கொலிஜ் மட்டம், இது பல்கலைக்கழக மட்டம் என்பார்கள்.

பிறகு எதற்கு இந்த வழி? இரண்டாம் வருட முடிவில் கையில் ஒரு லைசென்ஸ் வருகிறது, அதற்காக. அந்த ஒன்றை விலைபோட்டுப் பார்த்தால்தான் மற்றக் கணக்கெல்லாம் அர்த்தப்படும். நேர்வழியில் மூன்றாம் வருடத்தில் வீட்டில் ஏதாவது நடந்து நிறுத்த வேண்டி வந்தால், உங்களிடம் இருப்பது மூன்று வருடப் பாடங்களும் ஓசாப் என்ற அரசாங்க மாணவர் கடனும். இந்த வழியில் டிப்ளோமாவுக்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் நீங்கள் ஒரு நேர்ஸ். தவணை கட்டும் வீட்டில் ஒரே சம்பளம், அம்மாவைப் பார்க்க வேண்டும், இங்கிலிஷில் நீண்ட கட்டுரை எழுத இன்னும் தைரியம் வரவில்லை என்று இருக்கும் ஒருவருக்கு நான்கு வருடத்தை ஒரே மூச்சில் பந்தயம் வைப்பது சின்ன விஷயமில்லை. என் வீட்டு நிலைமையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கொலிஜ் கட்டணமும் பல்கலைக்கழகக் கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு.

பள்ளிக்கூடத்தில் என்ன எடுத்தீர்கள் என்பதும் இருக்கிறது. வேதியியல், உயிரியல், கணிதம், ஆங்கிலம் எல்லாம் பல்கலைக்கழக மட்டத்தில் எடுத்திருந்தால்தான் பெரும்பாலும் நேர்வழி திறக்கும், அதிலும் போட்டி பயங்கரம். கொலிஜ் மட்டத்தில் எடுத்தவர்களுக்கு ப்ராக்டிகல் நேர்சிங் திறந்திருக்கிறது. 15 வயதில் யாரோ ஒரு ஆலோசகர் நிரப்பிக்கொடுத்த படிவம் ஒருவரின் வாழ்க்கையை முடிவுசெய்யக் கூடாது என்பது என் கட்சி, அந்த வகையில் இந்த இரண்டாவது கதவு இருப்பதே நல்லது.

இனி வேலையில் வித்தியாசம் என்ன என்ற கேள்வி. "ஆர்பிஎன் ஊசி போடலாமா?" என்று இப்போதும் கேட்கிறார்கள். போடலாம். மருந்து கொடுப்பது, ஐவி பார்ப்பது, காயத்துக்குக் கட்டுவது, கத்தீட்டர் வைப்பது, மதிப்பீடு செய்து பராமரிப்புத் திட்டம் எழுதுவது எல்லாம் ஆர்பிஎன் வேலைதான். வார்டில் நீல உடுப்போடு இருவர் நடந்து போனால் யார் ஆர்என், யார் ஆர்பிஎன் என்று நோயாளிக்குத் தெரியாது. சிஎன்ஓ இந்த வித்தியாசத்தை மூன்று விஷயங்களால் பார்க்கச் சொல்கிறது: நோயாளி, நேர்ஸ், சூழல். நோயாளியின் நிலைமை எவ்வளவு சிக்கலானது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா, தவறினால் விளைவு எவ்வளவு பாரதூரமானது. அந்த நேர்ஸின் அறிவு என்ன. பக்கத்தில் உதவிக்கு யார் இருக்கிறார்கள். இதை வகுப்பில் படித்தபோது எனக்கு வெறும் வட்டப்படமாகத்தான் இருந்தது.

அது விளங்கியது ஒரு அறுவைச் சிகிச்சை வார்டில். இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேஷன் முடிந்த ஒரு வயதான அம்மா, இரண்டாம் நாள், எல்லாம் எதிர்பார்த்தபடி. காலையில் நான் எழுதியதில் மூச்சு நிமிடத்துக்கு 18, ஒட்சிசன் 96. பிசியோ வந்து கதிரையில் இருத்திவிட்டுப் போனார்கள். மத்தியானம் மருந்து கொடுக்கப் போனபோது அந்த அம்மா, "பிள்ளை, நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது" என்றார். முகத்தில் ஒரு பதற்றம், போர்வை நுனியை விரல்கள் பிசைந்துகொண்டே இருந்தன. எண்ணிப் பார்த்தால் மூச்சு 28, ஒட்சிசன் 89. கட்டிலில் சாய்த்து ஒட்சிசனைப் போட்டுவிட்டு மணியை அழுத்தினேன், பொறுப்பு ஆர்என் வந்தார், நான் இரண்டே வசனத்தில் சொன்னேன், அவர் அவசரக் குழுவை அழைத்தார். நுரையீரலுக்குள் இரத்தக் கட்டி போயிருக்குமோ என்ற சந்தேகம். பத்து நிமிடத்துக்கு முன் என் நோயாளியாக இருந்தவர் அந்த நிமிடத்திலிருந்து ஆர்என்னின் நோயாளி. எனக்குக் கை வரவில்லை என்றோ அறிவு போதவில்லை என்றோ யாரும் சொல்லவில்லை. அவருடைய உடம்பு அடுத்து என்ன செய்யும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது ஆர்பிஎன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் "வெறும் ஆர்பிஎன்தானே" என்ற சொல் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

நோயாளியைக் கையளித்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போய் இன்னொருவருக்கு இன்சுலின் போட்டேன். அன்றைக்குத்தான் நினைத்தேன், எனக்கு அந்த அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று. சிலருக்கு அப்படித் தோன்றாது. கையளித்துவிட்டு நிம்மதியாக வெளியே வருவார்கள், அவர்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த நேர்ஸ்மார் இருக்கிறார்கள். இருபது வருடமாக ஒரே மறுவாழ்வு வார்டில் ஆர்பிஎன்னாக இருக்கும் ஒரு அக்காவிடம் காயக்கட்டைப் பற்றிக் கேட்க டொக்டர்மாரே வருவார்கள். "ஏன் அக்கா நீங்கள் மாறேல்ல?" என்று கேட்டதற்கு, "எனக்கு இஞ்ச என்ன குறை?" என்று திருப்பிக் கேட்டார்.

அதனால் ஆர்பிஎன் வழியை யோசிப்பவரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஏதோ காரணத்தால் பிரிட்ஜிங் நடக்காமலே போனால், ஆர்பிஎன்னாக இருக்கச் சம்மதமா? கொஞ்ச நேரம் யோசித்தாவது ஓம் என்று சொல்பவர் தாராளமாகப் போகலாம். "ஐயோ, அது சும்மா இடையில ஒரு படி" என்று உடனே பதறுபவர், மதிப்பெண்ணும் வீட்டு நிலைமையும் இடம்கொடுத்தால், நேரே நான்கு வருடத்துக்குப் போவதே நல்லது. படியிலேயே நெடுங்காலம் நிற்க வேண்டி வரும், நிற்கும் காலம் முழுக்க மனம் நோகும். 18 வயதில், பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, தேவையான பாடங்களும் நல்ல மதிப்பெண்ணும் வைத்திருக்கும் பிள்ளையை ஆர்பிஎன்னுக்கு அனுப்புவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் படிக்கும் காலத்தில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்டேர்ன் என்ற சம்பளத்தோடான மாணவர் வேலைகூடக் கிடைக்கலாம், கொரோனா காலத்தில் தொடங்கிய ஏற்பாடு அது.

இனி லைசென்ஸ் சோதனையைப் பற்றி. ஆர்பிஎன்னுக்கு 2022 ஜனவரியிலிருந்து ரெக்ஸ்-பிஎன். ஆர்என்னுக்கு 2015இலிருந்து அமெரிக்காவில் எழுதும் அதே என்கிளெக்ஸ். இரண்டையும் தயாரிப்பது ஒரே அமைப்பு, இரண்டுமே உங்களுக்கு ஏற்றபடி மாறும் கணினிச் சோதனைகள். ஒன்றைச் சரியாகச் செய்தால் அடுத்தது கடினமாக வரும், பிழைத்தால் சற்று இலகுவாக வரும், உங்கள் மட்டம் இதுதான் என்று கணினிக்கு நிச்சயமானதும் திரை நின்றுவிடும். ரெக்ஸ்-பிஎன்னில் ஆகக் குறைந்தது 90 கேள்வி, கூடியது 150. வெளியே வந்தவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது எத்தனையாவது கேள்வியில் நின்றது என்பதைப் பற்றித்தான். அதில் பிரயோசனம் இல்லை, 90இல் நின்று தேறியவர்களும் உண்டு, 90இல் நின்று தேறாதவர்களும் உண்டு.

கேள்விகள் இப்படி இருக்கும். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஆறு என்கிறார். ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார், மகன் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். ஒருவருக்குக் காயக்கட்டு மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. ஒரு சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை 3.1க்கு இறங்கியிருக்கிறது, வேர்த்திருக்கிறது. யாரிடம் முதலில் போவீர்கள்? இதை வாசிக்கும்போது சுலபமாக இருக்கும், சர்க்கரைக்காரரிடம்தான் என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் மனப்பாடம் செய்து ஏலெவல் தாண்டிய நமக்கு, நான்கு விடையும் சரியாகத் தோன்றும் கேள்விகளில் எது முந்தும் என்று தெரிவு செய்வது புதுப் பழக்கம். குறிப்பு எழுதி எழுதிப் படிப்பதைப் பாதியாக்கிவிட்டு, கேள்விகளைச் செய்து, பிழைத்தது ஏன் பிழைத்தது என்று பார்ப்பதில் மினக்கெடுங்கள். முதல் சோதனைக்குப் பழகிய இந்தப் பழக்கம் இரண்டாவது சோதனைக்கு அப்படியே கைகொடுக்கும். இந்த வழியில் கிடைக்கும், யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒரு லாபம் அது.

டிப்ளோமா இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நெருக்கமான படிப்பு, கிளினிக்கல் நாட்களில் காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், அதற்கு முன் தடுப்பூசிப் பதிவு, காசநோய்ச் சோதனை, பொலிஸ் சான்றிதழ், சிபிஆர், மாஸ்க் பொருத்தம் என்று ஒரு கட்டுக் காகிதம். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை தொலைந்துபோனவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து காட்ட வேண்டி வரும், கடைசிக் கிழமையில் தொடங்காதீர்கள்.

பிரிட்ஜிங்தான் உண்மையான கதை. நிப்பிசிங் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஆர்பிஎன்களுக்கென்றே பகுதிநேர, பெரும்பாலும் ஒன்லைன் வழி இருக்கிறது. ஒன்ராறியோ டெக்கில் கொலிஜோடு சேர்ந்து நடத்தும் வழி இருக்கிறது. வேறு இடங்களிலும் உண்டு, வருடத்துக்கு வருடம் மாறும். உள்ளே போகச் செல்லுபடியான லைசென்ஸும் டிப்ளோமாவில் நல்ல மதிப்பெண்ணும் வேண்டும். ஆகவே எப்போதாவது மாறலாம் என்ற எண்ணம் துளியளவு இருந்தாலும் டிப்ளோமாவில் "பாஸ் போதும்" என்று இருந்துவிடாதீர்கள், அந்த 65 பல வருடம் கழித்து வந்து கதவை மறித்து நிற்கும்.

உள்ளே போனதும் அதிர்ச்சி தருவது வார்டு இல்லை, எழுத்து. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், சமூக சுகாதாரம், தலைமைத்துவம், நேர்சிங் கோட்பாடு. மேற்கோள் காட்டும்போது காற்புள்ளி எங்கே வரும் என்பதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கோட்பாட்டாளர் ஒருவர் அக்கறை என்றால் என்ன என்று எட்டுப் பக்கத்தில் விளக்குவதை வாசிக்கும்போது, நேற்று இரவு நான் பதினொரு பேருக்கு டயப்பர் மாற்றினேன், எனக்கா அக்கறையைப் பற்றிப் படிப்பிக்கிறாய் என்று தோன்றும். கோட்பாட்டுப் பாடத்தில் பாதி வெறும் காற்று என்பதில் நான் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். புள்ளியியலும் சமூக சுகாதாரமும் அப்படி இல்லை. ஒரு ஆய்வை வாசித்து இது நம் நோயாளிக்குப் பொருந்துமா என்று கேட்கத் தெரிந்தது அங்கேதான். மருந்து எடுக்காத நோயாளியைப் பார்த்து "சொல்வழி கேளாத ஆள்" என்று எழுதிவிட்டுப் போகாமல், மருந்துக்குக் காசு இருக்கிறதா, பஸ் பிடித்து வர முடிகிறதா, காலையில் மூன்று பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று கேட்கத் தொடங்கியதும் அங்கேதான்.

காசு. பிரிட்ஜிங் காலத்தில் முழுநேர வேலை தாங்காது, கிளினிக்கல் நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. பெரும்பாலானோர் பகுதிநேரத்துக்கோ, கூப்பிடும்போது மட்டும் போகும் கஷுவலுக்கோ இறங்குவார்கள், இறங்கியதும் மருத்துவக் காப்பு போய்விட்டு அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் ஒரு வீதம் சேர்த்துத் தருவார்கள். பல் வைத்தியம், பிள்ளையின் கண்ணாடி இருந்தால் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎன்களின் தொழில்முறைச் சங்கமான வீஆர்பிஎன் நடத்தும் பிகின் என்ற உதவித்தொகை இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மாகாண அரசின் பணம், ஆர்என் படிக்கும் ஆர்பிஎன்னுக்கு வருடத்துக்கு 10,000 டொலர் வரை என்றும், ஆர்பிஎன் படிக்கும் பிஎஸ்டபிள்யூவுக்கு 6,000 வரை என்றும் தொடங்கப்பட்டது. பதிலுக்கு முதியோர் இல்லத்திலோ வீட்டுப் பராமரிப்பிலோ குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி ஐசியூதான் கனவு என்றால் கையெழுத்து வைக்குமுன் அந்த நிபந்தனையை வாசியுங்கள். நேர்சிங் ஹோமில் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. 2021ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு இல்லத்திலும் இரவு பகல் எந்நேரமும் ஒரு ஆர்என் கடமையில் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அங்கே ஆர்என்னுக்குத் தேவை குறையப்போவதில்லை.

சம்பளத்தைப் பற்றி ஆர்பிஎன்களுக்கு இருக்கும் மனக்கசப்பு நியாயமானது. 2019இல் வந்த 124ஆம் சட்டமூலம் மூன்று வருடத்துக்குச் சம்பள உயர்வை வருடம் ஒரு வீதத்தில் கட்டிவைத்தது, 2022 நவம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே காலத்தில் பிஎஸ்டபிள்யூக்களுக்கு நேர்சிங் ஹோமில் மணிக்கு மூன்று டொலர் கூட்டினார்கள், பிறகு அதை நிரந்தரமாக்கினார்கள். அவர்களுக்கு அது வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் லைசென்ஸ் கட்டணம் கட்டி, மருந்துக்குப் பொறுப்பேற்று, பிழைத்தால் சிஎன்ஓ முன்னால் நிற்கும் ஆர்பிஎன்னுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி சுருங்கிப்போனது. பிரிட்ஜிங்குக்குப் போகும் பலரைத் தள்ளுவது ஆசையைவிட இந்தக் கணக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் மாறும்போது இன்னொரு விஷயம் இடிக்கும். ஆர்என்களின் தொழிற்சங்கம் பெரும்பாலும் ஓஎன்ஏ, ஆர்பிஎன்கள் வேறு சங்கங்களில் இருப்பார்கள். அதே வார்டு, அதே லொக்கர், ஆனால் சங்கம் மாறியதும் இத்தனை வருட மூப்பு உங்களோடு வருமா, ஆர்பிஎன் அனுபவம் சம்பளப் படியில் எவ்வளவு எண்ணப்படும் என்பதெல்லாம் அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கோடை விடுமுறை கேட்கும் வரிசையில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் சிலருக்கு இது உறைக்கிறது. ஓய்வூதியம் ஹூப் என்ற ஆஸ்பத்திரி ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் அது தொடரும், அந்தளவுக்கு ஆறுதல்.

மாறிய பிறகு அதே இடத்தில் வேலை செய்வதா, வேறு இடம் போவதா என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு: முதல் வருடமாவது வேறு வார்டு. பழைய இடத்தில் கை தன்பாட்டில் பழைய வேலையைச் செய்யும். நேற்றுவரை உங்களோடு பாதிச் சாப்பாட்டைப் பகிர்ந்த தோழி இன்றைக்குத் தன் நோயாளியைப் பற்றி உங்களிடம் வந்து ஆலோசனை கேட்க வேண்டும், இருவருக்குமே கூச்சம். நோயாளியும் மாறுகிறார், "தெரிந்த நேர்ஸ்" என்று உங்களுக்குக் கடினமான ஆட்களை முதல் கிழமையிலேயே தருவார்கள், ஐந்து வருட அனுபவம் இருக்கே என்பார்கள். அந்த ஐந்து வருடமும் நிலையான நோயாளிகளோடு கழிந்தது என்பதை யாரும் நினைக்க மாட்டார்கள். மூத்த நேர்ஸ் ஒருவர் கூட நின்று பழக்கும் காலத்தை, அனுபவம் இருக்கிறது என்று சொல்லிக் குறைக்கப் பார்த்தால் விடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

அதே அனுபவம் வேறு விதத்தில் பெரிய முதல். நேரே படித்து வந்த பிள்ளைகள் முதல் ஆறு மாதம் ஐவி பம்ப் கத்தினால் பதறுவார்கள், குடும்பத்தினர் கோபத்தோடு வந்தால் ஒதுங்குவார்கள், யாருக்கு எந்த நேரத்தில் போன் எடுப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். ஆர்பிஎன்னாக இருந்தவருக்கு அந்தப் பதற்றமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், மூளை முழுவதையும் நோயாளியின் மேல் வைக்கலாம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, புதியவர்களைப் பழக்கும்போது பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

இவ்வளவும் வாசித்த பிறகும் இந்த வழிதான் என்று இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிரிட்ஜிங்கில் இடம் கிடைத்ததும் முற்பணம் கட்ட ஒரு திகதி தருவார்கள், சந்தோஷத்தில் அன்றே கட்டிவிடத் தோன்றும். கட்டுமுன் அந்த அலுவலகத்துக்கு எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: கிளினிக்கல் எந்தெந்த நாட்களில், எந்த ஊரில், அட்டவணை எத்தனை கிழமைக்கு முன்பு கையில் வரும்? ஒன்லைன் படிப்பு என்று சேர்ந்துவிட்டு, அதிகாலை நாலரைக்கு எழும்பி நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஓட வேண்டிய இடத்தில் கிளினிக்கல் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மேலாளரிடம் ஷிப்ட் மாற்றம் கேட்கவும், பிள்ளைகளைக் காலையில் யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று வீட்டில் பேசவும் அந்த மூன்று பதிலும் வேண்டும். "செப்டம்பரில் சொல்லுவோம்" என்று பதில் வந்தால், போன வருடத்து அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவார்கள், கேட்டால்.